வார்டில் நர்ஸ்கள் நிற்காமல் போவதற்கு இன்சார்ஜின் தலைமைதான் காரணமா?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: தனியார் மருத்துவமனையில் 30 படுக்கை மெடிக்கல் வார்டுக்கு எட்டு மாதம் முன்பு இன்சார்ஜ் (வார்டின் பொறுப்பு நர்ஸ்) ஆனீர்கள். ரோலில் (பணியாளர் பட்டியலில்) 15 ஸ்டாஃப் நர்ஸ்கள். இதற்குள் ஆறு பேர் வேலையை விட்டுவிட்டார்கள், இடத்துக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள், இருக்கும் பழையவர்களும் களையிழந்து போயிருக்கிறார்கள். நிர்வாகம் உங்களை இரண்டு நாள் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பப் போகிறது. "என் தலைமை சரியில்லாததால்தான் இப்படி ஆகிறதா?" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்சார்ஜ் நடந்துகொள்ளும் விதம் நர்ஸ்களின் மனநிறைவையும் பணிச்சோர்வையும் எவ்வளவு பாதிக்கும் என்பது ஒன்று. நிர்வாகம் செய்ய வேண்டியதை உங்கள் தலையில் கட்டுகிறார்களா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில், கணிசமாகப் பாதிக்கும். இரண்டாவதற்கு, நீங்கள் கொடுத்திருக்கும் எண்களை வைத்துப் பார்த்தால், ஆமாம்.

முதலில் எதைப் பணிச்சோர்வு என்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நைட் முடித்து வந்து பத்து மணி நேரம் தூங்கினால் தீரும் களைப்பு இது அல்ல. 1981ல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் உருவாக்கிய 22 கேள்வி அளவுகோல் இதை மூன்றாகப் பிரிக்கிறது: உள்ளுக்குள் வற்றிப்போவது, நோயாளியை ஆளாகப் பார்க்காமல் "12ஆம் பெட்" என்று மட்டுமே பார்க்கத் தொடங்குவது, நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்ற நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆனால் இதை நோய் என்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தின் விளைவு என்கிறது. மனநிறைவு வேறு விஷயம். வேலையை மிகவும் நேசிக்கிற நர்ஸே சீக்கிரம் வற்றிப்போவதுண்டு. சோர்ந்தவர் எல்லோரும் ராஜினாமா செய்வதும் இல்லை. பலர் அப்படியே தங்கி, பேச்சைக் குறைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நாளை ஓட்டுவார்கள். அதனால் எத்தனை பேர் போனார்கள் என்பதை மட்டும் வைத்து வார்டின் நிலையை எடைபோடாதீர்கள்.

இந்தத் துறையில் மிக உறுதியாகத் தெரிந்தது ஆள் எண்ணிக்கையைப் பற்றியதுதான். லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அவருக்குப் பணிச்சோர்வு இருப்பதற்கான வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் நிறைவில்லாமல் போகும் வாய்ப்பு 15 சதவீதமும், அறுவை சிகிச்சை நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும் கூடியது. 2014ல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இறப்பைப் பொறுத்தவரை அதே 7 சதவீதம்தான் வந்தது. இதைச் சட்டமாகவே ஆக்கிய இடங்கள் உண்டு. கலிபோர்னியாவில் மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டில் ஒரு நர்ஸுக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பகலில் நான்கு, இரவில் ஏழு. நம் ஊர் விதிமுறைத் தாள்களில் 1:3, 1:6 என்றெல்லாம் எண்கள் வரும். அது ஒரு ஷிஃப்டுக்கான கணக்கா, மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்த மொத்தப் பணியிடக் கணக்கா என்று கேட்காமல் எதையும் ஒப்பிடாதீர்கள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் மூன்று மடங்குக்கு மேல் தப்பும், மீட்டிங்கில் உங்கள் வாதம் அங்கேயே படுத்துவிடும்.

இப்போது உங்கள் வார்டுக் கணக்கைப் போடுவோம். வருடத்தின் 365 நாளில் 52 வார ஆஃப் போக 313. அதில் கேஷுவல், சிக், ஏர்ன்டு லீவு, பண்டிகை விடுமுறை எல்லாம் சேர்த்து 48 நாள் என்று வைத்தால், ஒரு நர்ஸ் வருடத்துக்கு 265 டியூட்டி பார்ப்பார். உங்கள் மருத்துவமனையின் லீவு விதிக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். 24 மணி நேரமும் ஒரு இடத்தில் ஒருவர் நிற்க வருடத்துக்கு 1,095 டியூட்டி வேண்டும். அதாவது ஒரு இடத்துக்கு நான்கு பேருக்குக் கொஞ்சம் மேல். ஷிஃப்டுக்கு ஐந்து பேர், ஒருவருக்கு ஆறு நோயாளி என்று நடத்த வேண்டுமானால் ரோலில் 21 பேராவது வேண்டும். உங்களிடம் 15 பேர், அதில் நான்கு பேர் இன்னும் மிகப் புதிது. தனியாக விட முடியாத அந்த நால்வரைக் கழித்தால் 11. பதினொரு பேரின் டியூட்டியை 365 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு வரும்: காலை மூன்று, மதியம் மூன்று, நைட் இரண்டு. நைட்டில் ஒருவருக்கு 15 நோயாளி. நீங்கள் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் இந்த வகுத்தல் மாறாது.

இதே எண் மனத்தை எப்படி அரிக்கிறது என்பதற்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 30 பேரில் எட்டுப் பேர் தானாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள் என்று வையுங்கள். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு 96 முறை. இரண்டு பேர் சேர்ந்து ஐந்து நிமிடம் செலவழித்தால் 16 ஆள்மணி நேரம், அதாவது இரண்டு பேரின் முழு எட்டு மணி டியூட்டி இந்த ஒரு வேலைக்கே போய்விடும். ஆள் இல்லாதபோது நடப்பது என்ன? அதிகாலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து, விட்டுப்போன கட்டங்களிலெல்லாம் 'பொசிஷன் மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். செய்யாததைச் செய்ததாக எழுதும் கை, நாளாக ஆக எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சரியானது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய முடியாத இந்த நிலைதான், வெறும் உடல் களைப்பைவிட அதிகமாக நல்ல நர்ஸ்களை உடைக்கிறது. இதை நீங்கள் இன்றே நிறுத்தலாம். விட்டுப்போனதை விட்டுப்போனது என்றே எழுதச் சொல்லுங்கள், யார் திட்டினாலும் பதில் சொல்வது நீங்கள் என்று சொல்லுங்கள். காலியாக நிற்கும் அந்தக் கட்டங்கள்தான் பிறகு நிர்வாகத்திடம் காட்ட உங்களிடம் இருக்கும் வலுவான சான்று.

தலைமையின் பங்குக்கு வருவோம். ஆட்களோடு உறவு வைத்து, கேட்டு, ஊக்கப்படுத்தி நடத்தும் இன்சார்ஜ்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கு மனநிறைவு அதிகம், வேலையை மட்டும் விரட்டி வாங்குபவர்களிடம் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் மீண்டும் மீண்டும் சொல்கிறார்கள். சந்தேகம் எங்கே என்றால், இவற்றில் பெரும்பாலானவை ஒரே சமயத்தில் ஒரு படிவம் கொடுத்து எடுத்த கணக்குகள். நல்ல இன்சார்ஜால் நர்ஸ்கள் திருப்தியாக இருக்கிறார்களா, ஆளும் வசதியும் உள்ள வார்டில் யார் இருந்தாலும் நல்ல இன்சார்ஜாகத் தெரிகிறார்களா என்பதை அவை பிரித்துச் சொல்லாது. நர்ஸ்களின் பணிச்சோர்வு குறித்து 2020ல் 91 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரையும் இதே குறையைச் சுட்டியது. ஆனால் அதில் பளு, ஆள் பற்றாக்குறை, நீண்ட ஷிஃப்ட், தன் வேலையில் தனக்கே பிடி இல்லாமை ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. அந்தக் கடைசி இரண்டில் இன்சார்ஜின் கைக்குப் பெரிய இடம் உண்டு. பளு எவ்வளவு என்பதை நிர்வாகம் தீர்மானிக்கிறது, அந்தப் பளு யார் மேல் எப்படி இறங்குகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

அதனால் உங்கள் தலைமை எதில் தெரியும் என்று கேட்டால், டியூட்டி ரோஸ்டரில் என்பேன். மாதம் முழுதுக்கும் போட முடியாவிட்டாலும் இரண்டு வாரத்துக்காவது முன்கூட்டியே போட்டு ஒட்டுங்கள். காலை, மதியம், நைட் என்று முன்னோக்கிச் சுற்றுங்கள். உடம்பு அதைத் தாங்கும், பின்னோக்கிச் சுற்றினால் தூக்கம் கலைந்துபோகும். மதியம் டியூட்டி முடித்து இரவு ஒன்பதுக்குப் போனவரை மறுநாள் காலை ஏழுக்கு வரச் சொல்லாதீர்கள். ஐரோப்பியத் தொழிலாளர் விதி இரண்டு டியூட்டிக்கு நடுவே 11 மணி நேர இடைவெளி கேட்கிறது, அதை உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஏழு நைட் போடும் வழக்கத்தை மூன்று அல்லது நான்காகக் குறையுங்கள். நைட் முடித்துக் காலையில் வெளியே வரும் நாளையே 'ஆஃப்' என்று கணக்கு வைப்பதுதான் நம் மருத்துவமனைகளில் அதிகம் மனம் வெறுக்க வைக்கும் ஏமாற்று. அந்த நாள் தூங்கியே கழிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் முழு நாள்தான் ஆஃப். 12 மணி நேர நைட் எவ்வளவு பழகிப்போனதானாலும், 12 ஐரோப்பிய நாடுகளில் 31,627 நர்ஸ்களிடம் எடுத்த ஆய்வில் 12 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்த்தவர்களிடம் பணிச்சோர்வு கூடுதலாகவே இருந்தது. நைட்டில் 20 நிமிடம் மாறி மாறிக் கண்ணயர அனுமதித்து, யார் விழித்திருப்பது என்று எழுதி வையுங்கள்.

ரோஸ்டரில் நியாயம் என்பது சமமாகப் பிரிப்பது மட்டும் இல்லை, சமமாகப் பிரித்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிவதும்கூட. போன தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜானுக்கு யார் டியூட்டி பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டால் பாதிச் சண்டை நின்றுவிடும். ஆள் வராதபோது முதலில் போன் போவது ஹாஸ்டலில் தங்கியிருக்கும் சின்னப் பெண்களுக்குத்தான். குடும்பம் இல்லை, பக்கத்திலேயே இருக்கிறாள், மறுக்கமாட்டாள் என்பது கணக்கு. அந்தப் பெண்கள்தான் ஒரு வருடத்தில் முதலில் போவார்கள். டபுள் டியூட்டிக்குக் கூப்பிட வரிசைப் பட்டியல் ஒன்று வைத்து, கடைசியாகப் பார்த்தவர் பெயரைக் கீழே தள்ளுங்கள். டபுள் பார்த்தவருக்குக் காம்ப் ஆஃப் (அதற்கு ஈடான விடுப்பு) எப்போது என்று அன்றைக்கே தேதி போட்டுக் கொடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்ற காம்ப் ஆஃப் பெரும்பாலும் வராது. இரண்டு புதியவர்களை ஒரே நைட்டில் போடாதீர்கள். ஆஃபில் இருப்பவரை வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லிக் கண்டிக்காதீர்கள்.

அடுத்து, நர்ஸ் வேலை அல்லாத வேலை. ஃபார்மசி இண்டெண்ட் (மருந்து கேட்கும் சீட்டு), மருந்து ரிட்டர்ன், இன்ஷூரன்ஸ் காகிதம், டயட் லிஸ்ட், சாம்பிள் அனுப்புவது, பில்லிங் கிளியரன்ஸுக்கு இருபது முறை போன். ஒரு வாரம், ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு தாள் வைத்து, இவற்றுக்கு எத்தனை நிமிடம் போனது என்று கோடு போடச் சொல்லுங்கள். வார்டு செக்ரெட்டரி ஒருவர் வேண்டும் என்று வாயால் கேட்பதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும். ஹேண்டோவரையும், அதாவது அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பதையும், கவனியுங்கள். ஷிஃப்ட் முடிந்தும் தினமும் 45 நிமிடம் நிற்கிறார்கள் என்றால், மாதம் 23 டியூட்டியில் 17 மணி நேரம், அதாவது இரண்டு முழு டியூட்டி சம்பளமில்லாமல் போகிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து கேஸ் ஷீட் படிப்பதற்குப் பதில் படுக்கையோரம் நடந்தபடியே ஒரே வரிசையில் சொல்லுங்கள்: யார், என்ன நோய், இன்று என்ன மாறியது, என்ன பாக்கி. தீரப்போகும் டிரிப்பும் நிரம்பிய யூரின் பேகும் அப்போதே கண்ணில் படும், பிறகு போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

தப்பு நடந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை வார்டே பார்த்துக்கொண்டிருக்கும். எட்டு மணி இன்சுலின் பத்து மணிக்குப் போனது என்று வையுங்கள். முதலில் நோயாளியின் சுகர் பார்த்து, டாக்டருக்குச் சொல்லி, நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். அதன் பிறகு அந்த நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த நேரத்தில் என்னென்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று தொடங்கினால் அடுத்த தப்பை உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள். உடைந்த கருவிக்கும் காணாமல் போன ப்ரோபுக்கும் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் உங்கள் இடத்தில் இருந்தால், அதை நிறுத்தக் கேளுங்கள். தப்பை மறைக்கச் சொல்லிக்கொடுப்பது அதுதான். ரவுண்டில் டாக்டர் ஒருவர் நோயாளி முன்னால் நர்ஸைத் திட்டத் தொடங்கினால், "டாக்டர், ஸ்டேஷனில் ஷீட்டைப் பார்த்தபடி பேசலாம், வாங்க" என்று நீங்கள் நடுவே நிற்க வேண்டும். உறவினர்கள் கை ஓங்கினால் செக்யூரிட்டி, போலீஸ் என்று போகத் தயங்க வேண்டாம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பெயர்ப் பட்டியல் உங்கள் ஸ்டேஷனில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

நர்சிங் சூப்பிரண்டிடம் போகும்போது குறையாகக் கொண்டுபோகாமல் ஒரே பக்கத் தாளாகக் கொண்டுபோங்கள். போன மாதம் ஷிஃப்டுவாரியாக எத்தனை நோயாளி, எத்தனை நர்ஸ், எத்தனை டபுள் டியூட்டி, எத்தனை ஆஃப் ரத்து, விட்டுப்போன பொசிஷன் மாற்றங்கள், கீழே விழுந்த நோயாளிகள், ட்ரிப் போட்ட இடத்தில் வீக்கம். அதற்குக் கீழே இரண்டே கோரிக்கை. புதிதாகச் சேர்ந்தவரை முதல் எட்டு வாரம் ஷிஃப்ட் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது ஒன்று. ஷிஃப்டில் ஆள் இன்ன எண்ணுக்குக் கீழே போனால் அட்மிஷனை வேறு வார்டுக்குத் திருப்பும் அதிகாரம் வேண்டும் என்பது மற்றது. கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். கிடைக்காவிட்டாலும் தேதி போட்ட நகல் உங்களிடம் இருக்கட்டும், ஒரு சம்பவம் நடந்து விசாரணை வரும்போது அது உங்களையும் உங்கள் பெண்களையும் காக்கும்.

போன ஆறு பேரும் சோர்வால்தான் போனார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் போவதற்கென்றே அனுபவச் சான்றுக்காக இரண்டு வருடம் நிற்பவர்கள் உண்டு. அவர்களை எந்த இன்சார்ஜாலும் பிடித்து வைக்க முடியாது. சம்பளம் இன்னொரு காரணம். உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவை ஒட்டி மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனையில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பல இடங்களில் காகிதத்திலேயே இருக்கிறது. போனவர்களுக்கு ரிலீவிங் ஆர்டரும் அனுபவச் சான்றும் கைக்கு வந்த பிறகு போன் செய்து கேளுங்கள். வேலையில் இருக்கும்போது 'சொந்தக் காரணம்' என்று எழுதியவர்கள் அப்போது உண்மையைச் சொல்வார்கள். ஆறில் நான்கு பேர் ரோஸ்டரையோ உங்கள் பேச்சையோ சொன்னால் அது உங்கள் பங்கு, கூச்சப்படாமல் திருத்துங்கள்.

தனி ஆளுக்குக் கொடுக்கும் யோகா, தியானம், மன உறுதிப் பயிற்சி பற்றி: கெடுதல் இல்லை, பலன் சிறியது. மருத்துவர்களை வைத்து 2017ல் செய்த தொகுப்பாய்வில், ஆளைத் திருத்தும் முயற்சிகளைவிட வேலை அமைப்பைத் திருத்தும் முயற்சிகளுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. நர்ஸ்களுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். சோர்வுப் படிவம் கொடுத்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். அந்த அளவுகோல்கள் ஆளுக்கு நோய் கண்டறிய ஏற்பட்டவை அல்ல, 15 பேர் உள்ள வார்டில் பெயர் எழுதாவிட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். எப்போதும் களைப்பு என்று ஒருவர் சொன்னால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள், நர்ஸ்கள் விதிவிலக்கல்ல. ஆஃப் நாளிலும் எதிலும் மனம் ஒட்டவில்லை, தூக்கம் போய்விட்டது, சாவைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதைப் பணிச்சோர்வு என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்நேரமும் எடுப்பார்கள். அந்த நர்ஸை நைட்டில் தனியாகப் போடாதீர்கள், மருந்து அலமாரிச் சாவியும் அவர் கையில் இருக்க வேண்டாம்.

பயிற்சிக்குப் போய் வாருங்கள். கடினமான உரையாடலை நடத்துவது, ஆட்கள் முன்னால் பாராட்டித் தனியே திருத்துவது போன்றவை அங்கே கிடைக்கும், உங்களுக்கு உதவும். போகும் முன், அந்த இரண்டு நாளும் உங்கள் இடத்தில் இன்சார்ஜாக யார் நிற்பார் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். ஆள் இல்லாத நாளெல்லாம் நீங்களே எட்டு நோயாளியை எடுத்துக்கொண்டு, சொந்த ஆஃபையும் விட்டுக்கொடுத்து, ரோஸ்டரை நள்ளிரவில் வீட்டில் உட்கார்ந்து போடுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. அப்படி நடக்கும்போது பற்றாக்குறை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. பழையவர்களில் ஒருவரை இரண்டாம் இன்சார்ஜாக முறைப்படி நியமிக்கக் கேளுங்கள், ரோஸ்டர் போடுவதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் டியூட்டி நேரத்திலேயே வாங்குங்கள், உங்கள் வார ஆஃபை ரோஸ்டரின் முதல் வரியில் எழுதிவிட்டு மற்றவர்களுடையதை நிரப்புங்கள்.